யாருக்குத் தெரியாத மலை?

"அதிகம் அறியப்படாத மலையூர்கள்" என்ற தொடரை இப்போது எங்கும் காண்கிறேன். விமானத்தில் இருக்கைப் பைக்குள் செருகியிருக்கும் சஞ்சிகையில் இருக்கிறது. கல்யாண வீட்டில் பக்கத்து மேசைக்காரர் வாயில் இருக்கிறது. ஊருக்குப் போய்த் திரும்பிய ஒவ்வொருவரும் சனம் போகாத ஒரு மலையைத் தாம்தான் கண்டுபிடித்ததாகச் சொல்கிறார்கள். "அறியப்படாத" என்பது செயப்பாட்டு வினை. யார் அறியவில்லை என்று சொல்லாமல் தப்பிவிடுவதற்கு இதைவிட வசதியான வினை தமிழில் இல்லை. அங்கே பாடசாலை இருக்கிறது, கோயில் இருக்கிறது, தபாற்கந்தோர் இருக்கிறது, சம்பளம் போதாதென்று வேலைநிறுத்தம் செய்கிற சனம் இருக்கிறது. அவர்களுக்கு அந்த ஊர் நன்றாகவே தெரியும்.

சின்னக் கேள்விபோலத் தோன்றும் ஒன்றைத்தான் இங்கே எழுதப் பார்க்கிறேன். அழகான, அமைதியான ஓர் இடம் ஒருவனுக்குத் தெரியும் என்றால் அதை மற்றவருக்குச் சொல்ல வேண்டுமா, மறைக்க வேண்டுமா? சொல்வதென்றால் எதையெல்லாம் சொல்ல வேண்டும்? விடுமுறைக்காலப் பேச்சுத்தானே, இதில் என்ன அறம் என்று கேட்கலாம். நானும் நெடுநாள் அப்படித்தான் எண்ணினேன். என் தம்பியின் மகள் இந்த ஊரில் பிறந்தவள், இருபத்தாறு வயது. போன வருடம் தொலைபேசியில், "பெரியப்பா, எல்ல வேண்டாம், அங்க முழுக்க ரூரிஸ்ற். வேற ஒரு மலை சொல்லுங்கோ. ஒருத்தருக்கும் தெரியாததாச் சொல்லுங்கோ" என்றாள். எனக்கு உடனே ஓர் ஊரின் பெயர் வாயில் வந்தது. அதைச் சொல்லலாமா என்ற தயக்கமும் கூடவே வந்தது. அந்தத் தயக்கம் எதனால் என்று யோசித்ததுதான் இந்தக் கட்டுரை.

முதலில், மறைக்க வேண்டும் என்பவர்களின் பக்கத்தைப் பார்ப்போம். அவர்களிடம் நியாயம் இருக்கிறது. எல்ல பதுளை மாவட்டத்தில் ரயில் நின்று போகும் ஒரு சிறிய மலைக்கிராமமாக இருந்தது. 1921இல் கட்டி முடிக்கப்பட்ட ஒன்பது வளைவுப் பாலம் தொண்ணூறு வருடங்கள் தன் பாட்டுக்கு ரயிலைச் சுமந்துகொண்டு நின்றது. இன்று அந்தப் பாலத்தில் ரயில் வருகிற நேரம் பார்த்து நூற்றுக்கணக்கானோர் தண்டவாளத்தின் இருபுறமும் நிற்கிறார்கள். ரயில் கதவில் தொங்கிக்கொண்டு படம் எடுப்பது ஒரு வழிபாடு போல ஆகிவிட்டது. ஊட்டியின் கதை இன்னும் பெரியது. வாகனங்கள் தாங்காமல் சென்னை உயர் நீதிமன்றமே தலையிட்டது. 2024 மே மாதம் முதல் நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் போகிறவர்கள் மின்னணு அனுமதிச் சீட்டு எடுக்க வேண்டும். 2025 ஏப்ரலில் எண்ணிக்கையும் வந்தது: நீலகிரிக்கு வார நாட்களில் நாளொன்றுக்கு 6,000 வாகனங்கள், வார இறுதியில் 8,000. அழகுக்கு நீதிமன்றம் கணக்கு வைக்க வேண்டிய நிலை. இவற்றைப் பார்த்த ஒருவர், "எனக்குத் தெரிந்த இடத்தை நான் சொல்லமாட்டேன்" என்றால் அவரைச் சுயநலக்காரர் என்று நான் திட்டமாட்டேன்.

ஆனால் அந்த வாதத்தில் ஒரு பொத்தல் இருக்கிறது. மறைக்கிறவர் தான் ஏற்கனவே போய்ப் பார்த்துவிட்டு வந்தவர். பஸ்ஸில் ஏறி இடம் பிடித்தபிறகு "இனி நிறுத்தாதே, நெரிசல்" என்று கொண்டக்டருக்குச் சொல்கிற ஆளை நாங்கள் எல்லோரும் பார்த்திருக்கிறோம். அதைவிட முக்கியமானது, அந்த இரகசியம் அவருடையதே அல்ல. மறைக்கும் உரிமை அங்கே வாழ்கிறவருக்கு இருக்கலாம். மூன்று நாள் தங்கிவிட்டு வந்தவருக்கு அது எப்படி வந்தது?

மலையூர்களின் சரித்திரமே இந்த உரிமைக் குழப்பத்தில்தான் தொடங்குகிறது. கோயம்புத்தூர் கலெக்டராக இருந்த ஜான் சலிவன் 1819இல் நீலகிரிக்கு ஏறி, கோத்தகிரிப் பக்கத்தில் கண்ணேரிமுக்கு என்ற இடத்தில் பங்களா கட்டினார். பிறகுதான் ஊட்டி. அவர் நீலகிரியைக் "கண்டுபிடித்தார்" என்றே இன்றும் எழுதுகிறார்கள். அவர் ஏறிய காலத்தில் அங்கே தோடர் எருமை மேய்த்துக்கொண்டிருந்தார்கள். கோத்தர் இரும்பும் மண்ணும் கொண்டு தொழில் செய்துகொண்டிருந்தார்கள், கோத்தகிரி என்ற பெயரிலேயே அவர்கள் இருக்கிறார்கள். படகர் பயிர் வைத்திருந்தார்கள். குறும்பரும் இருளரும் சரிவுகளில் இருந்தார்கள். ஆக, முதலாவது "அறியப்படாத மலை" என்ற பட்டமே ஐந்து சமூகங்கள் வாழ்ந்த மலைக்குத்தான் கொடுக்கப்பட்டது. நாங்களும் இதில் சளைத்தவர்கள் அல்ல. இலையுதிர் காலம் வந்தால் புளிச்சோறும் கட்லட்டும் கட்டிக்கொண்டு ஸ்காபரோவிலிருந்து வான் வானாக அல்கொன்குவின் பூங்காவுக்குப் போகிறோம். 1893இல் உண்டாக்கப்பட்ட பூங்கா. அல்கொன்குவின் என்பது ஒரு மக்களின் பெயர் என்பதும், அந்த நிலத்துக்கு அவர்கள் இன்னும் உரிமை கோரிக்கொண்டிருக்கிறார்கள் என்பதும் அந்தச் சிவப்பு இலைகளுக்கு நடுவில் யாருக்கும் நினைவு வருவதில்லை.

என் வாயில் வந்த ஊர் அப்புத்தளை.

எல்லவிலிருந்து ரயிலில் ஒன்றரை மணித்தியாலம் அளவில் வந்துவிடும். கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 1,400 மீற்றர். ஒரு கத்தி விளிம்பில் ஊரை வைத்ததுபோல இருக்கும். கடைத்தெருவின் ஒரு பக்கம் இறங்கினால் ஊவாவின் பள்ளத்தாக்கு. மறுபக்கம் மலை சட்டென்று அறுந்து விழுகிறது. வானம் தெளிந்த நாளில் தெற்கே சமவெளி முழுவதும் விரிந்து கடற்கரை வரை தெரியும். ரயில் பாதை ஊருக்கு நடுவால் போகிறது, சனம் அதில் ஒழுங்கையில் நடப்பதுபோல நடக்கிறார்கள். பின்னேரம் மூன்று மணிக்குமேல் தெற்குச் சரிவிலிருந்து மூடுபனி ஏறி வரும். மரக்கறிக் கடைக்காரர் பேசிக்கொண்டிருக்கும்போதே அவருடைய கரட்டும் லீக்ஸும் கண்ணுக்கு மறைந்துவிடும். அவர் பேச்சை நிறுத்தமாட்டார்.

ஊரிலிருந்து பத்துக் கிலோமீற்றர் அளவில் தம்பேத்தன்ன. தோமஸ் லிப்டன் 1890இல் கட்டிய தேயிலைத் தொழிற்சாலை இன்னும் அங்கே இயங்குகிறது. தோட்டத்துச் சனம் அதை "ஸ்டோர்" என்பார்கள். அங்கிருந்து ஏழு கிலோமீற்றர் மேலே நடந்தால் லிப்டனின் ஆசனம் என்ற மலைமுகடு. லிப்டன் அங்கே உட்கார்ந்து தன் தோட்டங்களைப் பார்த்து மகிழ்வாராம். அந்த வெறும் பாறைக்கு அவருடைய பெயர். அந்தச் சரிவுகளில் உட்காராமல் நின்றவர்களின் பெயரில் அங்கே ஒன்றும் இல்லை.

மற்ற எழுத்துக்கள் இந்த இடத்தில் அதிகாலைச் சூரிய உதயத்துக்கு எத்தனை மணிக்கு ஓட்டோ பிடிக்க வேண்டும் என்று சொல்லும். நான் சொல்ல விரும்புவது தம்பேத்தன்ன பஸ்ஸைப் பற்றி. அதில் பாடசாலைப் பிள்ளைகள், ஆஸ்பத்திரிக்குப் போய்வரும் கிழவிகள், கேஸ் சிலிண்டர், கோழி, எல்லாம் ஏறும். எல்லோரும் பேசுவது தமிழ். பக்கத்தில் உட்கார்ந்த அம்மா, "எங்கேருந்து வாறீங்க? யாரு வீட்டுக்கு?" என்று கேட்பார். யார் வீட்டுக்கும் இல்லை, மலை பார்க்க வந்தேன் என்று சொல்லும்போது அந்த அம்மாவின் முகத்தில் ஒரு சின்னக் குழப்பம் வரும். மரியாதையான குழப்பம். அதைக் கண்டால்தான் நான் சொல்லவருவது விளங்கும்.

வெளியூர்ப் பயணத்தில் மொழி தெரியாதது ஒரு குறை என்று எல்லோரும் நினைக்கிறார்கள். எனக்கு அது ஒரு வசதி என்றே தோன்றுகிறது. பெருவில் ஒரு மலைக்குப் போனால் பக்கத்து வயலில் இரண்டு பேர் எதைப் பற்றிச் சண்டை பிடிக்கிறார்கள் என்று எனக்குத் தெரியாது. அந்தச் சத்தமும் பறவைச் சத்தம் மாதிரி இயற்கையின் ஒரு பகுதியாகிவிடும். அப்புத்தளையில் ஒரு தமிழனுக்கு அந்த வசதி இல்லை. தேயிலைச் செடிகளுக்கு நடுவில் நிற்கும் ஜெர்மன்காரருக்கு அது பச்சைக் கம்பளம். அவருக்கு வழிகாட்டியாக வந்தவருக்கும் பெரும்பாலும் அப்படித்தான். எங்களுக்கோ காதில் விழுகிறது: இன்றைக்கு நிறை காணாது, அரைப்பேர்தான் போடுவார்கள், சின்னவளுக்குக் காய்ச்சல், படங்கு கிழிந்துபோயிற்று. கொழுந்து குறைந்தால் அரைநாள் கூலி என்பதுதான் அரைப்பேர். நாட்கூலியை 1,000 ரூபாய் ஆக்குங்கள் என்று அந்தச் சனம் வருடக்கணக்காகக் கேட்டு, அது 2021இல்தான் கிடைத்தது. அதற்கு அடுத்த வருடமே ரூபாயின் பெறுமதி விழுந்து, கிடைத்தது கையில் நிற்கவில்லை. மொழி தெரிந்தவன் இதைக் கேட்காமல் இருக்க முடியாது. கேட்டபிறகும் வெறும் பார்வையாளனாக நிற்கலாம், ஆனால் அது அவன் தெரிந்து எடுத்த முடிவாகிவிடும்.

யாழ்ப்பாணத்தவனுக்கு இன்னும் ஒரு சங்கதி இருக்கிறது. நான் சிறுவனாக இருந்த காலத்தில் எங்கள் ஒழுங்கையில் மூன்று வீடுகளில் மலையகத்துப் பிள்ளைகள் வேலைக்கு நின்றார்கள். பன்னிரண்டு, பதின்மூன்று வயது. யாரோ ஒருவர் தோட்டத்துக்குப் போய்க் கூட்டிவருவார். தகப்பனுக்குக் காசு போகும் என்பார்கள், போனதா என்று யாரும் விசாரித்ததாக நினைவில்லை. பள்ளிக்கூடம் போகிற வயதில் அவர்கள் கிணற்றடியில் பாத்திரம் மினுக்கினார்கள். எங்களவர்கள் அவர்களைக் குறிக்க ஒரு சொல் வைத்திருந்தார்கள். "தோட்டக்காட்டார்". இந்தச் சஞ்சிகையைப் படிக்கும் என் வயதுக்காரர் எல்லோருக்கும் அந்தச் சொல்லின் ஒலி தெரியும். இளையவர்களுக்குத் தெரியாமலிருந்தால் நல்லதென்று சிலர் சொல்வார்கள். தெரிந்திருக்க வேண்டும் என்பது என் எண்ணம்.

பக்கத்து வீட்டில் நின்ற பிள்ளை அப்புத்தளைப் பக்கம். ஒருநாள் வேலியோரம் நின்று எங்களுக்குச் சொன்னாள்: "எங்க ஊர்ல மேகம் வூட்டுக்குள்ள வரும். வாசல்ல வந்து, அடுப்படி வரைக்கும் போயிட்டு, பொறவு போயிரும்." நாங்கள் சிரித்தோம், யாழ்ப்பாணத்துப் பிள்ளைகளுக்கு மேகம் என்பது மாரியில் மட்டும் வருவது, அதுவும் உயரத்தில். அவள் கோபப்படவில்லை. வெயிலில் கண்ணைச் சுருக்கிக்கொண்டு, குளிர் எப்படி இருக்கும் என்று விளக்கப் பார்த்தாள். வார்த்தை கிடைக்காமல் இரண்டு கையையும் கன்னத்தில் வைத்துக் காட்டினாள்.

அவளை நான் அடிக்கடி நினைப்பதற்குக் காரணம் இரக்கம் மட்டும் அல்ல. ஒரு வாதத்துக்கு அவள் பதிலாக நிற்கிறாள். எங்கள் நண்பர்கள் சிலர், நல்ல மனம் படைத்தவர்கள், "அந்த மலையில் அவ்வளவு கண்ணீர் இருக்கிறது, அங்கே போய் அழகை ரசிப்பது ஆபாசம்" என்பார்கள். உயர்ந்த எண்ணம்போலத் தெரியும். ஆனால் அதன் அடியில், அங்கே வாழ்கிறவர்களுக்குக் கஷ்டம் மட்டும்தான் உண்டு, அழகு தெரியாது என்ற நினைப்பு இருக்கிறது. அந்தப் பிள்ளை பிரிந்து ஏங்கியது லயத்தை விட்டு மட்டுமல்ல, அடுப்படிக்கு வரும் மேகத்தை விட்டும்தான். பத்துக்குப் பன்னிரண்டு அடிக் காம்பிராவில் எட்டுப் பேரோடு படுத்தெழும்பியவளுக்கு அந்த மலை அழகாகத்தான் இருந்தது. அழகு சுற்றுலாப் பயணிகள் கொண்டுவந்து வைத்த பொருள் அல்ல. ஆகவே "போகாதே" என்பதும் எனக்குச் சரியான பதிலாகப் படவில்லை. போகாதவர்கள் அந்தச் சனத்துக்கு ஒன்றும் கொடுத்துவிடவில்லை. யாழ்ப்பாணத்தில் நாங்கள் நூறு வருடம் போகாமலேயே இருந்து பார்த்தோம்.

"நாலு பேர் போனால் அங்குள்ளவர்களுக்கு நாலு காசு கிடைக்கும்" என்கிற வாதமும் உண்டு. எல்லவுக்கு அது ஓரளவு பொருந்தும். காணியும் வீடும் சொந்தமாக உள்ளவன் ஓர் அறையை வெள்ளையடித்து விருந்தினருக்கு விடலாம். லயத்தில் இருப்பவனால் அது முடியாது. அந்தக் காம்பிரா தோட்டத்துக்குச் சொந்தம், நிலமும் அவனுடையது அல்ல. இருநூறு வருடமாகியும் அவர்களில் பெரும்பாலானோருக்குக் கையில் உறுதி இல்லை. அதேவேளை பழைய துரை பங்களாக்கள் பல விடுதிகளாகிவிட்டன. அவற்றில் சிலவற்றின் ஓரிரவு வாடகை, கொழுந்தெடுப்பவர் ஒரு மாதம் முழுவதும் பேர் போட்டாலும் கிடைக்காத காசு. மலையின் அழகை உண்டாக்கியவர்கள் அவர்கள்தான். ஒரே உயரத்தில் கவ்வாத்து வெட்டி, ஏழு நாளுக்கொருமுறை கொழுந்து எடுத்து, அந்தச் சரிவை அந்தப் பச்சையில் வைத்திருப்பது கை. அந்தக் காட்சியை விற்கிற உரிமை மட்டும் அந்தக் கைக்கு இல்லை. லிப்டன் ஆசனப் பாதையில் சில பெண்கள் கூடையோடு நின்று படத்துக்குச் சிரித்துக் காசு கேட்கிறார்கள் என்று ஊருக்குப் போய்வந்த ஒருவர் என்னிடம் குறைப்பட்டார். அந்தப் பாதையிலேயே எனக்குப் பிடித்த காட்சி அதுதான். அந்த ஓரிடத்தில்தான் விலையை அவர்களே வைக்கிறார்கள்.

அப்புத்தளையிலிருந்து வெல்லவாயாவுக்கு இறங்கும் வீதியில் கொஸ்லந்தை. அதைத் தாண்டினால் தியலும நீர்வீழ்ச்சி, 220 மீற்றர். அதன் உச்சியில் இருக்கும் தடாகங்கள்தான் இப்போது பட்டியல்களில் எல்லாம் "அறியப்படாத" இடம். போகிற வழியில், கொஸ்லந்தைக்கு மேலே, மீரியாபெத்தை இருக்கிறது. 2014 ஒக்டோபர் 29 காலை, பிள்ளைகள் பாடசாலைக்குப் போன கையோடு, மலை சரிந்து லயங்களை மூடியது. பாடசாலையிலிருந்து திரும்பிய சில பிள்ளைகளுக்குப் போக வீடும் இல்லை, தாய் தகப்பனும் இல்லை. அந்தச் சரிவு ஆபத்தானது, சனத்தை இடம் மாற்றுங்கள் என்ற எச்சரிக்கை வருடங்களுக்கு முன்னரே கொடுக்கப்பட்டிருந்தது. மாற்றிப்போக அவர்களுக்குச் சொந்த நிலம் எங்கே? மலையின் அழகும் மலையின் சரிவும் ஒரே செங்குத்திலிருந்துதான் வருகின்றன. பார்க்க வருகிறவனுக்கு ஒன்றும், இருக்கிறவனுக்கு மற்றதும் கிடைக்கிறது.

இவ்வளவையும் ஒரு இருபத்தாறு வயதுப் பிள்ளைக்குத் தொலைபேசியில் சொல்ல முடியுமா? ஓரளவு சொன்னேன். அவள் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "பெரியப்பா, நான் லீவுக்குப் போறனோ, பாடம் படிக்கப் போறனோ?" என்றாள். நியாயமான கேள்வி. வருடத்தில் பதினைந்து நாள் விடுமுறை அவளுக்கு. அந்தப் பதினைந்து நாளில் இரண்டு நூற்றாண்டுப் பாவத்தைச் சுமக்கச் சொல்ல நான் யார்?

ஆனால் பாடம் என்று நான் நினைக்கவில்லை. எங்கள் வழக்கத்தில் ஒருவரை இன்னொரு வீட்டுக்கு அனுப்பும்போது விலாசத்தை மட்டும் கொடுத்து அனுப்புவதில்லை. அது யாருடைய வீடு, எங்களுக்கு அவர்கள் என்ன முறை, முன்பு என்ன மனத்தாங்கல் இருந்தது, எதைக் கதைக்கலாம், எதைக் கதைக்கக் கூடாது, வெறுங்கையோடு போகாதே, நான் சுகம் கேட்டதாகச் சொல்லு. இவ்வளவும் சேர்ந்ததுதான் எங்களுக்கு வழிசொல்வது. போகிறவருக்கு அது சுமை என்று நாங்கள் நினைத்ததில்லை. அது இல்லாமல் போய்க் கதவைத் தட்டுகிறவர் அந்நியர், அதோடு போகிறவர் விருந்தாளி. மலையூர் விஷயத்தில் மட்டும் நாங்கள் ஏன் வெறும் விலாசம் கொடுக்கப் பழகினோம்? சொல்லலாமா, மறைக்கலாமா என்ற கேள்வியில் எனக்கு இருந்த சிக்கல் பாதி இதனால்தான் என்று இப்போது நினைக்கிறேன். பாதிதான். நாளைக்குப் பத்தாயிரம் பேர் எல்லா முறையும் தெரிந்துகொண்டு, வெறுங்கையோடு போகாமல், அப்புத்தளைக்குப் போனாலும் அந்தத் தெரு தாங்காது. அதற்கு என்னிடம் பதில் இல்லை. ஊட்டியில் நீதிமன்றம் செய்ததைப்போல யாராவது எண்ணிக்கை வைக்கத்தான் வேண்டும், வைக்கிறவர்களில் லயத்தில் இருப்பவர் ஒருவராவது இருந்தால் நல்லது.

அந்த வீட்டோடு எங்களுக்கு என்ன மனத்தாங்கல்? 1948இல் சுதந்திரம் கிடைத்த அதே வருடம் பிரஜாவுரிமைச் சட்டம் வந்தது. மலையகத் தமிழர்களில் மிகப் பெரும்பாலானோர் நாடற்றவர்களானார்கள். அடுத்த வருடம் அவர்கள் வாக்குரிமையும் போயிற்று. எங்கள் தலைவர்களில் ஒரு பகுதியினர் அப்போது அரசாங்கத்தில் மந்திரிகளாக இருந்தார்கள். அதை ஏற்காமல் பிரிந்தவர்கள் 1949 டிசம்பரில் தமிழரசுக் கட்சியை ஆரம்பித்தார்கள். இவை எல்லாம் புத்தகங்களில் உண்டு. 1964 ஒக்டோபரில் சிறிமாவும் சாஸ்திரியும் செய்த ஒப்பந்தத்தில் 5,25,000 பேரை இந்தியா எடுப்பது, 3,00,000 பேரை இலங்கை வைத்துக்கொள்வது, மிச்சம் 1,50,000 பேரைப் பிறகு பார்த்துக்கொள்வது என்று முடிவானது. அந்த மக்களில் ஒருவரையும் கேட்கவில்லை. மலையிலிருந்து தலைமன்னாருக்குப் போன ரயிலுக்கு "ஒப்பாரிக் கோச்சி" என்று பெயர் வந்தது. நாங்கள் எங்கள் புலப்பெயர்வைப் பற்றி நாற்பது வருடமாக எழுதுகிறோம். எங்களுக்கு முன்னரே, எங்கள் கண்ணுக்கு முன்னாலேயே, ஒரு புலப்பெயர்வு நடந்துகொண்டிருந்தது. அதற்கு ஏஜென்சியும் இல்லை, அகதி விண்ணப்பமும் இல்லை. 2023இல், வந்து இருநூறு வருடமானதை முன்னிட்டு, அவர்களில் பலர் தலைமன்னாரிலிருந்து மாத்தளைவரை தங்கள் முன்னோர் வந்த திசையில் நடந்தார்கள். ரொறன்ரோவில் அதைப் பற்றி நான் கேட்ட பேச்சு மிகக் குறைவு.

அந்தக் கோச்சியில் போனவர்களில் ஒரு பகுதியினர் ஏறி நின்றது இன்னொரு மலையில். தமிழ்நாடு அரசு அவர்களுக்கென்றே 1968இல் நீலகிரியில் தேயிலைத் தோட்டங்களை ஆரம்பித்தது, பிறகு அது டான்டீ என்ற கழகமானது. கூடலூர், பந்தலூர், குன்னூர், கோத்தகிரி என்று அவர்களைக் குடியேற்றினார்கள். இலங்கையில் "இந்தியாக்காரர்" என்றழைக்கப்பட்டவர்கள் இங்கே "சிலோன்காரர்" ஆனார்கள். ஊட்டியில் கூட்டம் தாங்கவில்லை, கோத்தகிரிக்குப் போங்கள், அமைதியாக இருக்கும் என்று இன்று எல்லோரும் சொல்கிறார்கள். உண்மைதான், அமைதியான ஊர். லாங்வுட் சோலைக்குள் காலை ஏழு மணிக்குப் போனால் காட்டின் மூச்சுக் கேட்கும். கோடநாடு முனையில் நின்றால் மோயாற்றுப் பள்ளத்தாக்கு கீழே கிடக்கும்.

ஆனால் இங்கே கணக்கு இன்னும் சிக்கலாகிறது. நாடிழந்த சனத்துக்கு வேலை கொடுப்பதற்காகக் காடு வெட்டப்பட்டது. கூடலூர்ப் பக்கம் அது யானை நடந்த வழி. யானை வழியை மறக்கவில்லை. கொழுந்தெடுக்கப் போகிறவர்கள் யானைக்குப் பயந்து போகிறார்கள், செத்தும் இருக்கிறார்கள். கழகம் நட்டத்தில் ஓடுகிறது என்று 2022இல் நிலத்தில் ஒரு பகுதியை வனத்துறைக்கே திருப்பிக் கொடுக்க அரசு தீர்மானித்தது. காடு திரும்பி வருவது நல்ல விஷயம், சோலைக்காடு எவ்வளவு அரியது என்பதை அறிந்தவர்கள் மகிழ்வார்கள். நானும் மகிழ்வேன். ஓய்வுபெற்றபின் லயத்தை விட்டால் போக இடமில்லாதவர், மூன்றாம் தடவையும் எங்கே போவது என்று கேட்டால் அந்த மகிழ்ச்சியை அவருக்கு எப்படி விளக்குவது? இயற்கையைக் காக்க வேண்டும் என்கிறவர்களும், ஏழைகளைக் காக்க வேண்டும் என்கிறவர்களும் பெரும்பாலும் வெவ்வேறு கூட்டங்களில் பேசுகிறார்கள். கோத்தகிரியில் இருவரும் ஒரே சரிவில் நிற்கிறார்கள்.

அங்கே ஒரு தேநீர்க் கடையில் ஒரு மூதாட்டியோடு பேசக் கிடைத்தது. எழுபதைத் தாண்டியவர். நான் "தேத்தண்ணி" என்று கேட்டதுமே திரும்பிப் பார்த்து, "சிலோனா?" என்றார். அவர் கப்பலேறியது பதினாறு வயதில். பிறந்தது அப்புத்தளையைச் சேர்ந்த ஒரு தோட்டம். நான் அண்மையில் அங்கே போயிருந்தேன் என்றதும் கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். லிப்டன் ஆசனத்தைப் பற்றி அவர் கேள்விப்பட்டிருக்கவில்லை. அவர் கேட்டது வேறு. "எங்க லயத்துக்குப் பின்னால ஒரு பீலி இருந்துச்சு தம்பி, கோடையிலயும் நிக்காது. இப்பவும் தண்ணி வருதா? மாரியம்மன் கோயிலுக்கு மேல ஒரு வளைவு இருக்கும், அங்கன நின்னா கோச்சி ரெண்டு தரம் தெரியும், ஒருக்கா போறது, இன்னொருக்கா சுத்திக்கிட்டு வாறது. நீங்க அங்க நின்னீங்களா?"

நான் நிற்கவில்லை. அடுத்த முறை போனால் பார்க்கிறேன் என்று தோட்டத்தின் பெயரையும் டிவிசனையும் எழுதி வாங்கிக்கொண்டேன். பெயரைத் தம்பி மகளிடம் கொடுத்திருக்கிறேன், இங்கே அச்சில் போடவில்லை. பீலி வலப்பக்கம், இறங்கும்போது வழுக்கும், மழைக்காலத்தில் செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொள்ளவேண்டும் என்று அந்த அம்மா இரண்டு தரம் சொன்னார்.